பிடி ஆடுகிற வாளும் ஐந்து நாள் ஜப்பானும்

நாள் 1, புதன்: டோக்கியோ

விமான நிலையத்தில் தம்பி கேட்ட முதல் கேள்வி, "அக்கா, பருப்புப்பொடி கொண்டாந்தியா?" அடுத்து வந்தது புலம்பல். "என் வாள்ல பிடி ஆடுதுக்கா."

விஷயம் இதுதான். அவன் நகோயாவில் ஆறு வருஷமாகக் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். மூன்று வருஷமாக இயாய்தோ பழகுகிறான். எதிராளி கிடையாது. உறையிலிருந்து வாளை உருவ வேண்டும், காற்றை வெட்ட வேண்டும், மறுபடி உறையில் போட வேண்டும். அவ்வளவுதான். அவன் வைத்திருப்பதும் நிஜ வாள் கிடையாது. துத்தநாகக் கலவையில் வார்த்த, கூர் போடாத பயிற்சி வாள். ஆனால் கைப்பிடி மட்டும் நிஜ வாளுக்குச் செய்கிற அதே முறை: மரம், அதன் மேல் மீன் தோல், அதன் மேல் மாற்றி மாற்றிக் குறுக்காகப் போகும் நாடா. அந்த நாடா தளர்ந்து, வைரக் கட்டங்கள் இடம் மாறத் தொடங்கியதும் இந்தப் புத்திசாலி என்ன செய்தான் தெரியுமா? சூப்பர் க்ளூ ஊற்றினான். அவனுடைய ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லையாம். கைப்பிடி கட்டுகிற ஒருவருடைய தொலைபேசி எண்ணை மட்டும் எழுதி நீட்டினாராம். இங்கே திட்டு வாங்குவது இப்படித்தான் போல.

அவர் ஒக்கயாமா பக்கம் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். "அதுக்குள்ள நாலு நாள் இருக்கு, வாள் இருக்கிற ஊராப் பாத்து சுத்துவோம்" என்றான். எனக்கு மலையும் கோயிலும் பார்க்கத்தான் ஆசை. இருந்தாலும் கைப்பிடி என்றால் எனக்கும் ஒரு தனிக் கவனம் உண்டு. தூத்துக்குடியில் 22 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். துணி வெட்ட இன்றைக்கும் அப்பாவின் பெரிய கத்தரிதான். கட்டைவிரல் காய்த்துப் போகாமலிருக்க அதன் வளையத்தில் துணிப் பட்டை சுற்றியிருக்கும். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பழைய பட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிது சுற்றுவேன். கத்தரி அப்பாவுடையது, பட்டை என்னுடையது.

ரியோகோகுவில் சுமோ அரங்கத்துக்குப் பக்கத்திலேயே பழைய யசுதா தோட்டம். அதற்குள்தான் வாள் அருங்காட்சியகம் இருக்கிறது, 2018 முதல். கண்ணாடிக்குள் வாள்கள் வெறும் இரும்பாகப் படுத்திருக்கின்றன. உறை இல்லை, பிடியும் இல்லை. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. காரணத்தைத் தம்பி சொன்னான்: வாள் செய்தவன் பெயரைச் செதுக்குவது, பிடிக்குள் மறையும் அடிப்பகுதியில். அந்த இடத்துத் துருவைத் துடைக்கவே கூடாது. வயதைச் சொல்வது அதுதான். ஆகவே வாளைப் பார்ப்பது என்றால் பிடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது.

அப்படியானால் பிடி எங்கே போகிறது? அதற்கும் ஓர் ஏற்பாடு. விலையுள்ள வாளை வண்ணம் பூசாத வெள்ளை மர உறையில் தூங்க வைத்துவிடுகிறார்கள். அலங்கார உறையும் பிடியும் தனியாக இருக்கும். அவை தொளதொளவென்று கிடக்காமலிருக்க, இரும்புக்குப் பதில் அதே வடிவத்தில் ஒரு மரக்கட்டையைச் செருகி வைக்கிறார்கள். கட்டியவன் பெயர் பிடியின் வெளிப்புறத்தில் எங்கேயும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

மதியத்துக்கு மேல் உவேனோவில் தேசிய அருங்காட்சியகம். அங்கே ஒரு ஜோடி, பெரியதும் சிறியதும். எடோ காலத்துச் (1603–1868) சாமுராய் கோட்டைக்கு வேலைக்குப் போகும்போது செருகிக்கொண்ட சீருடை வாள்கள்: கறுப்பு அரக்கு உறை, வெள்ளை மீன் தோல், கறுப்புப் பட்டு நாடா, முனையில் எருமைக் கொம்பில் கறுப்புக் குமிழ். நகை இல்லை, பகட்டு இல்லை. கறுப்பு நாடாவின் இடைவெளிகளில் வெள்ளைத் தோல் வைரம் வைரமாகத் தெரிகிறது. ஒவ்வொரு வைரமும் ஒரே அளவு. குனிந்து ஓரத்தைப் பார்த்தேன், பழக்க தோஷம். நாடாவும் நாடாவும் ஒட்டும் இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. தையலில் இதை நான் 'இழுவை சரி' என்பேன்.

இந்தக் கைவேலைக்குப் பெயர் த்சுகாமாகி. த்சுகா என்றால் பிடி, மாகி என்றால் சுற்றுவது. நாடாவை 'இத்தோ' என்கிறார்கள். வேகமாகச் சொன்னால் நம் 'இதோ' மாதிரியே கேட்கிறது. நூல் எங்கே என்று கேட்டால் இதோ என்பார்கள். நான் சொல்லிச் சிரித்தேன், தம்பி சிரிக்கவில்லை.

நாள் 2, வியாழன்: செகி

புல்லட் ரயிலில் நகோயா, அங்கிருந்து மாறி மாறிக் கடைசியில் நகராகவா ரயில்வேயின் ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி. வயலுக்கு நடுவே டவுன் பஸ் மாதிரி ஓடுகிறது. செகி ஊரில் எழுநூறு வருஷத்துக்கு மேலாக வாள் அடிக்கிறார்கள். இப்போது அடிப்பது பெரும்பாலும் சமையல் கத்தி, சவர பிளேடு, நகவெட்டி.

கொல்லர் மரபுக்கென்று இருக்கும் அருங்காட்சியகத்தில் நிறைய நேரம் நின்றேன். இந்த ஊர்க் கொல்லர்களில் கானேசதா, கானேமோதோ என்று இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கானேமோதோவின் வாளில் கூர்ப்பக்கம் ஓடும் வெள்ளைக் கோடு, மூன்று மூன்று தேவதாரு மரம் வரிசையாக நிற்பது போல மேடும் பள்ளமுமாகப் போகும். இரும்பு பற்றி எனக்கு இதற்கு மேல் எழுதத் தெரியாது.

ஆனால் கானேசதாவின் ஒரு வாளைப் பற்றித் தம்பி சொன்ன கதையில் பிடி வருகிறது. அந்த வாள் இப்போது இருப்பது டோக்கியோவில், ஹொசொகாவா குடும்பச் சேகரிப்பில். ஹொசொகாவா ததாஒகி (1563–1646) பெரிய போர்ப் பிரபு; தேநீர்க் கலையில் சென் நோ ரிக்யூவின் சீடர். 36 பேரைக் கொன்ற வாள் என்பதால் ஜப்பானியர் போற்றும் பழங்காலத்து 36 கவிஞர்களை நினைத்து 'கவி அமரர்' என்று பொருள்படும் பெயரை வைத்தார் என்று கதை. கொலைக்குக் கவிஞர் பெயர். கதை எவ்வளவு தூரம் நிஜமோ தெரியாது, அந்தப் பிடி நிஜம்: பட்டு நாடா கிடையாது, புகையூட்டிப் பழுப்பாக்கிய தோல் வார். தேநீர்க் குவளையில் பகட்டை வெறுத்த மனுஷன் வாள் பிடியிலும் வெறுத்திருக்கிறார். ஹொசொகாவா குடும்பம் ஆண்ட ஹிகோ நாட்டுப் பாணி என்று பின்னால் எத்தனையோ பேர் அதைப் பார்த்துக் கட்டிக்கொண்டார்கள்.

இந்த ஊருக்கு வந்துவிட்டுக் கத்தரி வாங்காமல் போவேனா? கடையில் ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்து மூடிச் சத்தம் கேட்டேன். நல்ல கத்தரி 'சர்ர்க்' என்று ஒரே மூச்சில் மூடும். மட்டமானது நடுவில் ஒரு முறை விக்கும். கடைக்காரம்மா ஒரு துண்டுத் துணியை நீட்டினார். வெட்டிப் பார்த்துவிட்டு 24 சென்டிமீட்டரில் ஒன்று வாங்கினேன். "ஊருக்குப் போகும்போது கைப்பையில வெச்சிராத, பெரிய பெட்டியில வை" என்று தம்பி மூன்று முறை சொல்லிவிட்டான். பிடியில் வழவழவென்று கறுப்புப் பூச்சு. வழுக்கும். எப்படியும் பட்டை சுற்ற வேண்டியதுதான்.

சாப்பாடு விலாங்கு மீன். கொல்லர்கள் உலைச் சூட்டில் வேலை செய்ததால் தெம்புக்கு விலாங்கு சாப்பிட்டார்கள், அதனால்தான் ஊரில் இத்தனை விலாங்குக் கடை என்கிறார்கள். கரி அனலில் வாட்டி, இனிப்பும் உப்புமான குழம்பைத் தடவித் தடவிச் சோற்றின் மேல் போட்டுத் தருகிறார்கள். மீன் அருமை. இனிப்பைக் குறைத்து மிளகு தூவியிருந்தால் இன்னும் அருமை.

நாள் 3, வெள்ளி: இகா

இன்றைக்குச் சுருக்கமாக எழுதுகிறேன், கால் வலி.

இகா என்றால் எல்லாருக்கும் நிஞ்சாதான். ரயில் முகத்தில்கூட நிஞ்சா கண்ணை வரைந்து வைத்திருக்கிறார்கள். கவி பாஷோ 1644இல் பிறந்ததும் இங்கேதான். நாங்கள் வந்தது குமிஹிமோ பார்க்க. குமிஹிமோ என்றால் பின்னிய கயிறு. தறியில் நெய்வது வேறு, இது வேறு. தலைப் பின்னல் மாதிரி இழைகளை மாற்றி மாற்றிக் கோப்பது. வட்டமான மர முக்காலியின் தட்டில் துளை. விளிம்பில் சுற்றிலும் பட்டு இழைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் எடைக்கு ஒரு உருளை. எதிரெதிர் இழைகளைத் தூக்கி இடம் மாற்றிப் போட்டால் நடுத்துளை வழியே கயிறு கீழே இறங்குகிறது. தட்டையான பட்டை வேண்டுமென்றால் அதற்கு வேறொரு பெரிய சாதனம். ஆளே அதற்குள் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

முக்கால் மணி நேரத்தில் நானும் ஒரு கைக்கயிறு பின்னினேன். உருளையின் எடைதான் சூட்சுமம். கை இழுக்காது, எடை இழுக்கும். அதனால் எல்லா இழைக்கும் ஒரே இழுவை. மெஷினில் 'டென்ஷன்' திருகாணி பார்க்கும் வேலையை இங்கே ஒரு மரக்கட்டை பார்த்துக்கொள்கிறது.

போர்க் கவசத் தகடுகளைக் கோப்பது, வாள் உறையைக் கட்டுவது, பிடியைச் சுற்றுவது எல்லாம் இந்த மாதிரி கயிறும் பட்டையும்தான். 1876இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணியக் கூடாது என்று ஆணை போட்டது. வாள் அடித்தவர்கள், உறை செய்தவர்கள், பிடி கட்டியவர்கள் என்று ஒரு தொழில் வரிசையே வேலை இல்லாமல் நின்றது. கயிறு பின்னியவர்கள் கிமோனோப் பக்கம் திரும்பிவிட்டார்கள். பெண்கள் இடுப்புப் பட்டையின் மேல் கட்டுகிற மெல்லிய கயிறு இருக்கிறதே, அந்த ஒபிஜிமே, அது இப்படிப் பிழைத்த தொழில். இகாவில் இன்றைய குமிஹிமோத் தொழில் வேரூன்றியது 1902க்குப் பிறகு, டோக்கியோவில் வேலை கற்று ஊர் திரும்பிய ஒருவரால். ஆண்கள் இடுப்பிலிருந்து இறங்கிய கயிறு பெண்கள் இடுப்பில் ஏறிக்கொண்டது.

துணிக்காரிக்கு ஒரு உதிரிச் செய்தியும் கிடைத்தது. எடோ காலத்தில் கப்பலில் இங்கே வந்து இறங்கிய கோடு போட்ட பருத்தித் துணிக்கு 'சாந்தோமே' என்று பெயர். நம்ம மயிலாப்பூர் சாந்தோம்தான். இதை நான் கயிற்றுக்கடை அம்மாவிடம் சொல்ல, தம்பி அரைகுறையாக மொழிபெயர்க்க, அவர் "ஓ, ஓ" என்று குனிந்து வணங்கினார். அவருக்கு என்ன புரிந்ததோ.

நாள் 4, சனி: ஓசஃபுனே

ஒக்கயாமாவிலிருந்து ஆகோ பாதை ரயிலில் அரை மணி நேரம். ஓசஃபுனே நிலையத்தில் இறங்கினால் வயலும் அமைதியும்தான். பொடிநடையாக அரை மணிக்கு மேல். யோஷீ ஆறு பக்கத்தில் ஓடுகிறது. மலையிலிருந்து இரும்பு மணலும், வாளை விற்கத் துறைமுகமும் இந்த ஆற்று வழியாகவே கிடைத்தன. நாட்டின் தேசியப் பொக்கிஷப் பட்டியலில் உள்ள வாள்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைய பிஸென் என்ற இந்தப் பகுதியில் பிறந்தவை.

அதில் ஒன்று சான்சோமோ. காட்டுக்கோழி இறகு என்று அர்த்தம். 16ஆம் நூற்றாண்டுப் போர்ப் பிரபு உவெசுகி கென்ஷின் குடும்பத்து வாள். இந்தச் சின்ன நகராட்சி ஊர் ஊராக நன்கொடை திரட்டி, 2020இல் சுமார் 50 கோடி யென்னுக்கு அதை வாங்கிச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டது. நாங்கள் போன நாளில் அதை வெளியே வைக்கவில்லை. படம் மட்டும் பார்த்தோம். பிடிக்கும் இரும்புக்கும் நடுவே கையைக் காக்கும் வட்டத் தகடு, அந்தக் கைக்காப்பே இல்லாத உறை அதற்கு. பிடியும் உறையும் நேராக ஒன்றோடொன்று முட்டுகின்றன. வட்டம் இல்லாத பிடி எனக்குக் கழுத்துப்பட்டி வைக்காத சட்டை மாதிரி தெரிந்தது. அழகுதான்.

அருங்காட்சியகத்தை ஒட்டியே பட்டறைகள். ஒரு வாளுக்கு எத்தனை கை என்று இங்கேதான் உறைத்தது. இரும்பு அடிப்பவர் ஒருவர். கூர் தீட்டி மெருகிடுபவர் வேறு. வாள் உறையில் ஆடாமலிருக்க அடியில் செம்புக் கவ்வை செய்பவர் வேறு. உறையைக் குடைபவர், அரக்குப் பூசுபவர், கடைசியில் பிடி கட்டுபவர். யாருடைய வேலையிலும் யாரும் கை வைப்பதில்லை. எங்கள் பக்கம் காஜா எடுக்கத் தனிக் கடை இருப்பது போல.

இன்றைக்கு மெருகிடுபவர் மட்டும் இருந்தார். தாழ்ந்த பலகையில் ஒருக்களித்து உட்கார்ந்து, வலது காலால் ஒரு மரக்கொம்பை மிதித்துக் கல்லை அசையாமல் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் தேய்க்கிறார். இருபது நிமிடம் நின்றோம். இரண்டு அங்குலம்தான் நகர்ந்தது. பிடி கட்டுபவரின் இடம் காலி. ஒரு மெத்தை, ஒரு விளக்கு. "நாளைக்குப் பாப்போம்லா" என்றான் தம்பி. வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. வாள் பையை அவன் தன் மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டான், அக்காவை நனைய விட்டுவிட்டான்.

நாள் 5, ஞாயிறு: சென்செய் வீடு

ஊர் பெயர், ஆள் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. அறுபது வயதிருக்கும். தம்பி "சென்செய்" என்றான், ஆசிரியர் என்று அர்த்தம், நானும் அப்படியே கூப்பிட்டேன். வீட்டின் பின்னறை, பாய் விரித்த தரை, ஜன்னலோரம் தாழ்ந்த மேசை. எங்கள் கடையை விடச் சின்ன இடம்.

முதலில் வாளைக் கழற்றினார். முழு வாளும் பிடிக்குள் நிற்பது ஒரே ஒரு மூங்கில் ஆணியால். பித்தளைச் சுத்தியலால் இரண்டு தட்டு, ஆணி மறுபக்கம் வந்துவிட்டது. அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார், தேய்மானம் இருக்கிறதா என்று. அப்புறம் நாடாவைத் தொட்டார். க்ளூ ஊற்றிய இடம் கல் மாதிரி இருந்தது. தம்பியைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அந்தக் க்ளூவை எடுக்கவே ஒரு மணி நேரம் போனது. கத்தி முனை, இடுக்கி, தூரிகை. மீதி நாடாவைப் பிரிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தம்பி கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தான். தம்பிக்குப் புரிந்த வரையில் சென்செய் சொன்னது: பிடி என்பது பிரித்துக் கட்டுவதற்காகவே கட்டுவது, வியர்வையில் தளரும், தேயும், அப்போது பிரிக்க வர வேண்டும். உள்ளேயிருக்கும் மரத்தைக்கூடச் சோற்றுப் பசையால்தான் ஒட்டுவார்களாம். ஹோ என்ற மென்மையான மரத்தில் இரண்டு பாதிகள். நடுவைக் குடைந்து வாளின் வாலுக்கு இடம் விட்டு, சோற்றை மசித்த பசையில் ஒட்டுவது. நாளை பிளக்க வேண்டி வந்தால் மரம் சேதமில்லாமல் பிளக்கும்.

மரத்தின் மேல் மீன் தோல். ஜப்பானிய மொழியில் 'சாமே', சுறா என்று அர்த்தம். ஆனால் அலமாரியிலிருந்து ஒரு முழுத் தோலை எடுத்து விரித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருக்கை! தூத்துக்குடிக்காரிக்குத் திருக்கை தெரியாதா? குழம்பு வைக்கிற மீனின் முதுகுத் தோல், வெந்து ஆறிய ஜவ்வரிசியைப் பரப்பியது போல வெள்ளையாக மணி மணியாக இருக்கிறது. தொட்டால் பல் மாதிரி கடினம். முதுகின் நடுக்கோட்டில் சில பெரிய மணிகள். அவற்றுக்குத் தாய்மணி என்று பொருள்படும் பெயர். பிடியின் முகப்பில் குமிழ்ப் பக்கமாக அவை தெரியும்படி தோலை வெட்டுவார்கள். நாடா வழுக்காமலிருக்கத்தான் தோல். இந்தச் சொரசொரப்பில் துணி ஒரு முறை உட்கார்ந்தால் நகராது. நாராவில் அரச பொக்கிஷமாகக் காத்துவரும் 8ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றின் பிடியிலேயே இந்தத் தோல்தான் இருக்கிறது. எடோ காலத்தில் சியாமிலிருந்தும் மற்ற தெற்குத் துறைமுகங்களிலிருந்தும் கப்பல் கப்பலாக நாகசாகியில் வந்து இறங்கியிருக்கிறது. நல்ல தோலுக்குக் கொள்ளை விலையாம். "குழம்பு வெப்போம்னு சொல்லட்டா?" என்றேன். "வேண்டாம்க்கா, மானம் போயிரும்" என்றான்.

தம்பியின் பிடியில் முழுத் தோல் இல்லை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை ஒட்டியிருந்தது. கழுவிப் பார்த்துவிட்டு இதுவே போதும் என்றார். புதுத் தோலென்றால் நனைத்து, சுற்றி, காயவிட்டு நாள் கணக்கில் ஆகும்.

அடுத்து நிறம். தம்பி சிவப்பு என்றான். சென்செய் ஒன்றும் சொல்லாமல் டீ குடித்தார். தம்பி கருநீலம் என்றான். சென்செய் கோப்பையை வைத்துவிட்டுக் கருநீலத்தை எடுத்தார். பட்டா, பருத்தியா என்றும் கேட்டார். கையைக் காட்டச் சொல்லி உள்ளங்கையைப் பார்த்துவிட்டு அவரே பருத்தி என்றார். வியர்வைக் கை.

நாடா எட்டு மில்லிமீட்டர் அகலம், நாலு மீட்டர் நீளம். கட்டுவதற்கு முன்னால் அவர் எடுத்து வைத்தது ஒரு தட்டு நிறையச் சின்னச் சின்னத் தாள் முக்கோணங்கள். ஜப்பானியக் கைத்தாளை மடித்து வெட்டியது, என் சுண்டுவிரல் நகம் அளவு. நாடா குறுக்கே சாயும் ஒவ்வொரு இடத்திலும், அதன் அடியில் இடதும் வலதுமாக ஒவ்வொன்று போகிறது. நாடா மேடேறி நிற்பதும், வைரத்தின் ஓரம் கூராக நிற்பதும், வருஷக்கணக்கில் கட்டம் நகராமலிருப்பதும் இந்தத் தாளால். கட்டி முடித்தால் வெளியே தெரியவே தெரியாது. எனக்கு உடனே பிடிபட்டது: காலருக்குள் வைக்கிற கேன்வாஸ்! சட்டை வாங்குகிறவன் காலர் நிமிர்ந்து நிற்பதை மட்டும் பார்ப்பான். உள்ளே என்ன வைத்தோம் என்பது வெட்டியவளுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். தம்பியின் பழைய பிடியில் அந்தக் கேன்வாஸ் பெயருக்குக்கூட இல்லை. ஆடாமல் என்ன செய்யும்?

நாடாவின் நடுப்பகுதியைக் கைக்காப்புப் பக்கம் வைத்து, இரண்டு முனைகளையும் மறுமுகத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே இரண்டும் சந்திக்கின்றன. இடது நாடாவை நடுவில் அரைத் திருகு திருகிச் சாய்க்கிறார்; தட்டையாக வந்த நாடா அந்த இடத்தில் மட்டும் மடிந்து ஒரு குன்று மாதிரி எழும்புகிறது. வலதையும் அதே போல் திருகி அதன் மேல் போடுகிறார். கட்டைவிரலால் ஓர் அழுத்து. இடுக்கியால் தாள் முக்கோணத்தை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று உள்ளே தள்ளுகிறார். அப்புறம் ஒரு இழுப்பு. விரலால் இழுப்பதில்லை, முழங்கையிலிருந்து இழுக்கிறார். 'க்ரீச்' என்று நாடா தோலைக் கவ்வும் சத்தம் கேட்கிறது. கிளிப் போட்டு நிறுத்திவிட்டுப் பிடியைத் திருப்பி மறுமுகம். இந்தக் கட்டத்தில் வலது மேலே வந்தால் அடுத்த கட்டத்தில் இடது மேலே. கடைசி வரை மாறி மாறி.

சில கட்டங்கள் போனதும் நாடாவுக்கு அடியில் ஒரு சின்ன உலோக டிராகனைச் செருகினார். மறுமுகத்தில் இன்னொன்று, ஆனால் அதே நேருக்கு இல்லை, தள்ளி. பிடிக்கு இரண்டு பக்கமும் இப்படி ஒரு உருவம் நாடாவுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். மெனுகி என்று பெயர். ஒரு காலத்தில் ஆணியை மூடும் மூடியாக இருந்தது, பிறகு தனியாகப் பிரிந்து அலங்காரமாகிவிட்டது. டிராகன் வார்ப்பு கொஞ்சம் மட்டம்தான். சென்செய் அதன் மூக்கு வெளியே தெரியும்படி நாடாவை அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்தார்.

ஒரு முகத்தில் 11 குறுக்கு. இரண்டு முகத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 44 தாள். நடுவில் சாப்பாடு. குமிழின் இரண்டு துளை வழியாக நாடாவை விட்டு, இரு முகத்திலும் முடிச்சுப் போட்டு, மிச்ச முனைகளைக் கொம்பு ஊசியால் கட்டத்துக்கு அடியில் நுழைத்து, இழுத்து, வெட்டியபோது மாலை மூன்றரை. முனை எங்கே போனது என்று நான் கண்ணாடி போட்டுத் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. தம்பி பிடியைக் கையில் வாங்கினான். உள்ளங்கையில் மேடும் பள்ளமும் படிய ஒரு முறை இறுக்கினான், விட்டான், மறுபடி இறுக்கினான். ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தெரிந்து அவன் ஐந்து நாளில் பேசாமலிருந்தது அப்போதுதான்.

நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்த சென்செய் ஒரு வெறும் மரப்பிடியையும் பழைய பருத்தி நாடாவையும் என் பக்கம் தள்ளினார். 22 வருஷம் நூலோடு புழங்கியவள் என்ற திமிரில் உட்கார்ந்தேன். முதல் மூன்று கட்டம் ஜோர். நாலாவது கட்டத்தில் ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் தளர்கிறது. அதைச் சரி செய்தால் முதல் கட்டம் கோணுகிறது. துணியில் ஊசி குத்தினால் அந்தத் தையல் அங்கேயே நிற்கும், இதில் எதுவும் நிற்பதில்லை. கடைசி முடிச்சு வரை எல்லாம் சேர்ந்து ஊசலாடுகிறது. ஆறாவது கட்டத்தில் சென்செய் என் மணிக்கட்டில் விரலை வைத்து நிறுத்தினார். ஐந்திலும் வலது மேல், ஆறிலும் வலது மேல். இரண்டு முறை ஒரே பக்கம் போட்டிருக்கிறேன். பிரித்தேன். பிரித்த நாடாவில் திருகிய இடமெல்லாம் மடிப்பு வரிசையாகத் தெரிந்தது, இஸ்திரி போட்டாலும் போகாது போலிருந்தது. மறுபடி தொடங்க நேரமில்லை, ரயில் ஐந்தரைக்கு.

கிளம்பும்போது செல்போனில் அப்பா கத்தரியின் படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, வளையத்தில் சுற்றிய பட்டையையே வெகுநேரம் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"உள்ள என்ன வெச்சிருக்கன்னு கேக்காரு" என்றான் தம்பி.

"ஒண்ணும் இல்ல, வெறும் துணிதான்னு சொல்லு."

சென்செய் தலையை ஆட்டிவிட்டு மேசைப் பக்கம் போனார். தட்டிலிருந்து தாள் முக்கோணங்களை அள்ளி ஒரு கவரில் போட்டு, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ரயிலில் எண்ணிப் பார்த்தேன், 40 இருக்கிறது. தம்பி வாள் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். கத்தரி வளையத்துக்கு இதை எங்கே வைப்பது என்று கேட்க மறந்துவிட்டேன்.